பேச்சியின் மூன்று ஏக்கரும் பெரியகுளத்துக் கரம்பையும்

நான் கட்டியதையெல்லாம் முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் செங்கல் சூளைக் கதையைப் படித்துவிட்டுப் பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் போன் போட்டு, "அண்ணாச்சி, நெசமாவே இதெல்லாம் நீங்க செஞ்சதுதானா?" என்று கேட்டார். சந்தேகம் கேட்டவருக்குப் பட்டியல் போட்டுக் காட்டுவதுதான் மரியாதை.

சங்கரன்கோவிலில் பஸ் போகிற ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை. அதன் மேல் ஒரு மாடி. மாடிக்கு மேல் இன்னொரு மாடி. அதற்கு அனுமதியைப் பிறகு வாங்கினேன். ஊருக்கு வெளியே செங்கல் சூளை. இரண்டு மழையில் சூளை கரைந்தது, மூன்றாவதில் மழைதான் தோற்றது. இரண்டு டிராக்டர், ஒரு டிப்பர் லாரி. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்பு. நூறு பேர் பந்தியில் உட்காரக்கூடிய கல்யாண மண்டபம். இருநூறு பேர் வந்து இடித்துக்கொண்டால் அது மண்டபத்தின் குற்றமில்லை, சொந்தக்காரர்களின் குற்றம்.

அப்பா சொத்து என்று எனக்கு வந்தது ஒரு மண்வெட்டி. அதற்கும் பிடி கிடையாது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்ததால் பத்தாம் வகுப்பு என்றே கணக்கு வைத்திருக்கிறேன். இந்தத் தொடரை நான் சொல்லச் சொல்ல என் சின்ன மகள் எழுதுகிறாள். எழுத்தைத் திருத்தலாம், விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

இந்த வாரம் கட்டியதைப் பற்றி அல்ல, கொட்டியதைப் பற்றி. குளத்து மண்ணை அள்ளி என் தங்கச்சி நிலத்தில் கொட்டிய கதை.

மணியடித்த நிலம்

சில வருஷத்துக்கு முந்தி, ஒரு ஆனி மாதக் காலை. கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டை ஒட்டி, தங்கச்சி பேச்சியம்மாளின் மூன்று ஏக்கரில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கடப்பாரை. ஓங்கி ஒரு குத்து குத்தினேன். கிணுங் என்றது.

"கேட்டியாண்ணே? நீ குடுத்த நெலம் மணி அடிக்கு," என்றாள் பேச்சி.

ஆமாம், நான் கொடுத்த நிலம்தான். அவள் கல்யாணத்துக்குச் சீதனமாகக் கொடுத்தேன். எனக்கு அப்போது மீசை முழுசாக வந்திருக்கவில்லை. மண் சுமந்த காசில் மூன்று ஏக்கர் வாங்கிவிட்டேன் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏக்கர் எத்தனை என்று பார்த்த அளவுக்கு, ஏக்கரில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இருந்தது செம்மண் சரள். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் குடத்தை நிமிர்த்துவதற்குள் காணாமல் போய்விடும்.

அன்றைக்கு நிலத்தின் ஓரத்தில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. அதில் வெள்ளை பெயின்ட் அடித்த கல்லாக அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் செல்போனும் கூலிங் கிளாசுமாக ப்ளாட் போடுகிறவர். அவர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்த விதமே, நிலம் அவருக்குப் போய்விட்டது என்று சொன்னது.

பேச்சியின் வீட்டுக்காரர் கணபதி, மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு விற்றுவிட வேண்டும். மகன் கோயமுத்தூரில் இருக்கிறான், அங்கே போய் லிஃப்டில் ஏறி இறங்கிக் காலத்தைக் கழிக்கலாம் என்று ஆசை.

"மச்சான், நீரு கோவிச்சுக்கிடக் கூடாது. இது நெலம் இல்ல வே, மொட்ட மாடி. மொட்ட மாடில எவன் உழுவான்?"

"நீரு ஒரு நாளாவது உழுது பாத்தீரா வே?"

"உழுறதுக்கு மண்ணு வேணும்லா?"

பேச்சி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் அந்த வெள்ளைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோயமுத்தூர் பிடிக்காது. ஒரு தடவை போய்விட்டு மூன்றாம் நாளே திரும்பி வந்தவள். கொத்தமல்லித் தழைக்குக் கூட கடைக்குப் போகிற ஊரில் எனக்கு என்ன சோலி என்று கேட்டவள். ஆனால் இத்தனை வருஷம் எள்ளு போட்டாள், வரவில்லை. கடலை போட்டாள், விதைத்ததில் பாதி வந்தது. அலுத்துவிட்டது.

"அண்ணே, ஒண்ணு சொல்லுதேன். ஒரே ஒரு வெள்ளாமை இதுல எடுத்துக் காட்டு. தை பொறக்குறதுக்குள்ள வெளையலன்னா நான் கையெழுத்துப் போட்டுட்டு அவரு கூட பஸ் ஏறிருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"தை எதுக்குட்டி? நீ விதை வாங்கி வை," என்றேன்.

வாய்தான் சொன்னது. மனசு ஊரை நினைத்தது. அந்த நிலத்தில் வெள்ளைக் கல் ஊன்றினால் ஊரில் எவனும் கணபதியைச் சொல்ல மாட்டான். அண்ணன்காரன் தங்கச்சிக்குக் கல்லைக் கட்டிக்கொடுத்தான் என்று என்னைத்தான் சொல்வான்.

யானை போட்டது, ஆறு கொண்டுவந்தது

இங்கே கொஞ்சம் நின்று எங்கள் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் சிரிக்கக் கூடாது.

எங்கள் ஆறு வருஷத்தில் சில நாள்தான் ஓடும். மிச்ச நாளில் அதற்குள் கிரிக்கெட் ஓடும். அதை ஓடை என்று யாராவது சொல்லிவிட்டால் எங்களுக்குக் கோபம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கு மலையில் மழை கொட்டினால், காபி நிறத்தில் இறங்கி வரும். அதைப் பார்த்தவன் ஓடை என்று சொல்லமாட்டான்.

அந்தக் காபி நிறம்தான் விஷயம். மலையில் காடு வருஷம் பூராவும் இலை உதிர்க்கிறது. யானை லத்தி போடுகிறது. மிளா, குரங்கு, கரடி எல்லாம் தங்கள் பங்கைச் செய்கின்றன. பாறை வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து பொடியாகிறது. இது எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு ஆறு கீழே வருகிறது. நாம் கடையில் மூட்டை மூட்டையாக வாங்குகிற சத்தை, ஒரு யானை ஓசியில் போட்டு, ஒரு ஆறு ஓசியில் டெலிவரி செய்கிறது.

ஆறு எங்கள் ஊர்ப் பெரியகுளத்துக்குள் வருகிறதா? அங்கே அதற்கு மூச்சு வாங்கும். குளத்துக்குள் நுழைகிற வாயிலேயே கனமான மணலையும் கரடு வண்டலையும் போட்டுவிடும். அப்புறம் தள்ளாடித் தள்ளாடி உள்ளே போகும். கடைசியில் கரையடியில், தண்ணீர் அசையாமல் நிற்கிற இடத்தில், கையில் பிடித்தால் மாவு மாதிரி இருக்கிற களியை இறக்கி வைக்கும். நல்ல கருப்பு. குளம் வற்றியதும் அள்ளுகிற இந்த வண்டலைத்தான் நாங்கள் கரம்பை என்கிறோம்.

இதில் நான் டாக்டர். மண்டபம் கட்டுகிறதற்கும் சூளை போடுகிறதற்கும் முந்தி, மாட்டுவண்டியில் கரம்பை அடித்துத்தான் பிழைத்தேன். பெரியகுளத்துக் கரம்பை போட்ட வயலில் நெல் தனி நிறம். சரள் நிலத்துக்கு அது போனால், தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேருக்கு இடம் கொடுக்கும், உரக்கடைப் பக்கம் போகிற வேலையைக் குறைக்கும். ஆற்றோரம் உள்ளவனுக்கு ஆறே வீடு தேடி வந்து வண்டலைப் பரப்பிவிட்டுப் போகும். ஆறு போகாத மேட்டு நிலத்துக்கு யாராவது சுமந்துகொண்டு போக வேண்டும்.

ஆக, பேச்சியின் நிலத்துக்கு ஆறு வராது. நான் கொண்டுவருவேன். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

நாக்கு செய்த வேலை

அந்தக் காலத்தில் கரம்பை அடிக்க ஒரு மாடும் ஒரு வாயும் போதும். இப்போது இ-சேவை மையத்தில் பட்டா நகலைக் கொடுத்து விண்ணப்பம் போட வேண்டும். மண் அள்ளுவதற்கு எனக்கு ஓ.டி.பி. வந்தது. வாழ்க்கையில் எனக்குப் பெருமையாக வந்த ஓ.டி.பி. அது ஒன்றுதான்.

அனுமதித் தாளைக் கொடுத்த வேளாண்மை அலுவலகத்துப் பெண், "ஐயா, மண்ணை டெஸ்டுக்குக் கொடுத்துட்டு அப்புறம் போடுங்க," என்றார்.

"தாயி, எங்கிட்டயே டெஸ்ட் இருக்கு," என்று நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

எங்கள் ஊர் கோயிலிலேயே புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசுவோம், கொஞ்சம் நாக்கிலும் வைப்போம். மண்ணை வாயில் போட எங்களுக்கு வெட்கம் கிடையாது. நாக்கில் வைத்தால் உப்பா, உவரா என்று சொல்லிவிடுவேன். நெறுநெறு என்றால் மணல். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் கரம்பை. நிறமும் கருப்பாக இருந்துவிட்டால் எனக்கு மறு பேச்சே கிடையாது. சுற்றிக் கரிசல் பூமியில் பருத்தி வெடித்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த ஆட்கள் நாங்கள். கருப்பு என்றால் சொத்து, சிவப்பு என்றால் தரித்திரம் என்று ரத்தத்தில் ஊறிவிட்டது.

அதனால் காலை ஆறு மணிக்கே முதல் வண்டியைக் கரையடிக்கு அனுப்பி இடம் பிடித்தேன். மற்ற ஊர்க்காரர்கள் வந்து நின்று முறைத்தார்கள். "நல்லதையெல்லாம் நீங்களே வழிச்சிட்டா நாங்க என்னத்த அள்ள?" என்றார்கள். என் டிராக்டர் டிரைவர் மாடசாமியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். கருப்பு, வழுக்கல், அது தவிர ஒரு கூடை மண் நிலத்துக்குள் வரக் கூடாது.

நாலாவது நாள் நிலத்தில் நிற்கிறேன். வண்டி வருகிறது. டிரெய்லரில் பார்த்தால் சாம்பல் நிறம். கையை விட்டால் நெறுநெறு.

"ஏலே மாடசாமி, என்னலே இது?"

"கரையடில வண்டி பதியுது அண்ணாச்சி. டயர் பாதி உள்ள போயிட்டு. அதான் ஆறு குளத்துக்குள்ள விழுற வாயில அள்ளிட்டு வந்தேன். அங்கன நல்லா கட்டாந்தரையா இருக்கு."

"கட்டாந்தரையா இருந்தா அங்கன படுத்துத் தூங்குலே! எனக்கு எதுக்கு இந்த மணலு? நான் என்ன வீடா கட்டுதேன்?"

"எல்லாம் ஒரே ஆறு கொண்டாந்த மண்ணுதான அண்ணாச்சி?"

"ஒரே அப்பன் பெத்ததுதான நீயும் ஒங்க அண்ணனும்? அவன் வாத்தியாரு, நீ என்ன செய்த?"

கோபத்தில் சொன்னது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நிலத்துக்குள் நுழைகிற மூலையைக் காட்டி, "அங்கன தட்டிட்டுப் போ. உள்ள ஒரு துளி வரக் கூடாது," என்றேன். அதற்குள் அதே மண்ணோடு, வாடகைக்கு எடுத்த நாலு டிரெய்லரும் கிளம்பியிருந்தது. அதையும் அந்த மூலையிலேயே தட்டவைத்தேன். வண்டிகள் திரும்புகிற இடம் அது. தட்டிய மண் மேலேயே டயர் ஏறி இறங்கியது.

மூலை போக மிச்ச நிலம் பூராவும் கரையடிக் கருப்பை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினேன். காய வைக்கவில்லை, கட்டியை உடைக்கவில்லை, ஆழமாக உழுது கலக்கவும் இல்லை. கேக் மேல் கிரீம் தடவுகிற மாதிரி தடவினேன். ரோட்டில் நின்று பார்த்தால் நிலம் மினுமினு என்றிருந்தது. என் போனில் எனக்கே பெருமையாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி போட்ட தார் ரோடு

புரட்டாசிக் கடைசியில் உளுந்து விதைத்தோம். விதைத்த நாலாம் நாள் மழை. நான் கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். நிலத்தில் காலை வைத்ததும் செருப்பு உள்ளேயே நின்றுகொண்டது, கால் மட்டும் வெளியே வந்தது. தண்ணீர் இறங்கவே இல்லை. அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காத நிலத்தில் கொக்கு வந்து நின்றது.

அப்புறம் வெயில். மேலே உள்ள களி காய்ந்து, இறுகி, பலகையாகிவிட்டது. விதை முளைத்தது, நான் பொய் சொல்லவில்லை. ஒரு கட்டியைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக முளை வளைந்து கிடந்தது. மேலே வர வழியில்லை. வெடிப்பு விட்ட இடத்தில் தப்பித்து வந்த நாலு செடியும் மஞ்சளாக நின்றது, காமாலைக்காரன் மாதிரி.

ஊருக்குக் கேட்கவா வேண்டும்? ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் வரப்பில் நின்று, "என்ன அண்ணாச்சி, தங்கச்சி நெலத்துக்குத் தார் ரோடு போட்டுட்டிய போல! பஸ்ஸு எப்ப விடுதாவ?" என்றார். அடுத்த நாளே கரிவலத்தில் டீக்கடையில் அது பரவிவிட்டது. நான் எங்கே போனாலும் பஸ் எப்போது என்று கேட்டார்கள்.

கணபதி மச்சானுக்கு ஒரே சந்தோஷம். அதை மறைக்கத் தெரியாத மனிதர். "நான் அப்பவே சொன்னம்லா வே? மொட்ட மாடியா இருந்தத மெழுகித் தந்திருக்கீரு. ப்ளாட்காரருக்குச் சோலி மிச்சம்."

பேச்சி திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் அன்று புதைந்த என் செருப்பைக் காய்ந்த களியிலிருந்து பிடுங்கி, தட்டி, என் முன்னால் வைத்தாள். அன்றைக்கு வண்டியில் திரும்பி வருகிறபோது, எழுபது வயது நெருங்குகிற நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காற்றில் தூசி என்று டிரைவரிடம் சொன்னேன்.

ஏச்சு விழுந்த மூலை

மார்கழி பிறந்ததும் ப்ளாட்காரர் கல்லை இறக்கிவிட்டார். ரோட்டோரமாக நாலைந்தை ஊன்றியும் வைத்துவிட்டார். கையெழுத்துக்குத் தேதி கூடக் குறித்தாயிற்று. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தேன்.

ஒருநாள் கடையில் பைப் அளந்துகொண்டிருக்கிறேன். போன். பேச்சி.

"அண்ணே, ஒடனே வா."

"என்னட்டி? மச்சானுக்கு ஏதும்...?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு, தின்னுட்டு. நீ வா."

போனேன். அவள் நிலத்துக்குள் நுழைகிற மூலையில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் முழங்காலுக்கு உளுந்து நின்றது. கரும்பச்சை. கொத்துக் கொத்தாகக் காய். ஒரு சின்னப் பந்தல் போடுகிற அளவு இடம்தான். அதைத் தாண்டி உள்ளே பார்த்தால் என் தார் ரோடு.

"யாரு போட்டா இத?"

"நாந்தான். விதை மிஞ்சிச்சு. கொண்டு போவானேன்னு இங்கன எறிஞ்சிட்டுப் போனேன். களைகூட எடுக்கல."

நான் குனிந்து மண்ணை எடுத்தேன். கருப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. மூன்றும் கலந்த ஒரு நிறம். டிரெய்லரிலிருந்து சிந்திய கரையடிக் களி, மாடசாமி கொண்டுவந்த ஆற்று வாய் மண், அடியில் இருந்த சரள், எல்லாவற்றையும் டிராக்டர் டயர் திரும்பித் திரும்பி அரைத்திருந்தது. அவள் கட்டிப்போடுகிற பசு அதில் போட வேண்டியதைப் போட்டிருந்தது. கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனாலும் உள்ளே ஈரம்.

"அண்ணே, நீ பரப்புன எடத்துல ஒண்ணும் இல்ல. நீ மாடசாமிய ஏசுன எடத்துல வெளஞ்சிருக்கு," என்றாள்.

  கையில் இருந்த மண்ணைப் பிசைந்துகொண்டே, "ஏசுனது நான்தானட்டி?" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பிப் பார்த்தான். சிரித்து முடித்ததும் போய் ஊன்றியிருந்த முதல் கல்லை ஆட்டினாள். அசையவில்லை. நானும் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கிப் போட்டோம்.

கணபதி மச்சான் ஒரு வருஷம் தவணை கொடுத்தார். "அடுத்த தை வரைக்கும்தான் வே. அப்புறம் நீரு எமனக் கூட்டிட்டு வந்தாலும் கேக்க மாட்டேன்." பிடுங்கிய கல்லில் ஒன்றைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டார்.

புட்டு மாவுப் பதம்

அந்தக் கோடையில் வேலை தலைகீழ். இந்தத் தடவை வண்டிகளை ஆற்று வாய்க்கு அனுப்பினேன். முதல் நாள் மாடசாமியைக் கூப்பிட்டு, "அன்னைக்கு ஏசினதுக்கு மனசுல வைக்காதலே," என்றேன்.

"எந்த அன்னைக்கு அண்ணாச்சி? தெனமும்தான ஏசுதிய," என்றான்.

வாய் மண்ணை எவ்வளவு போடுவது, உள்ளே கிடக்கிற களியோடு எப்படிக் கலப்பது? நான் நாக்கை நீட்டினேன். பேச்சி, "ஒன் நாக்க உள்ள போடு. அதுதான் எல்லாத்துக்கும் காரணம்," என்றாள்.

அவள் கணக்கு வேறு. ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைவாள். கையில் அழுத்திப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் மணல் அதிகம். தட்டியும் உடையவில்லை என்றால் களி அதிகம். புட்டு மாவுக்குப் பார்க்கிற பதம். மூன்று ஏக்கரிலும் பத்தடிக்கு ஒரு இடமாக உட்கார்ந்து உருண்டை பிடித்தாள். "இங்கன இன்னும் ஒரு வண்டி," "இங்கன போதும்" என்பாள். நான் விரல் நீட்டுகிற திசைக்கெல்லாம் போன என் டிராக்டர், இரண்டு மாதம் அவள் கைக்கு ஓடியது.

கட்டியான களியை வெயிலில் காயவிட்டு உடைத்தோம். குறுக்கும் நெடுக்கும் மூன்று உழவு. தார் ரோடு என்று கேலி செய்த அந்த ஆட்டுக்காரரே வந்து பத்து நாள் ராத்திரி ஆட்டை நிலத்திலேயே அடைத்துக் கிடை போட்டார். ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்தது. அடுத்த ஐப்பசி மழையில் நிலம் தண்ணீரைக் குடித்தது. நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. நான் வேண்டுமென்றே செருப்போடு நடந்து பார்த்தேன். செருப்பு என்னோடேயே வந்தது.

உளுந்து வந்தது. ஒரு ஓரமாகப் பிச்சி வைத்தாள், அதுவும் பிடித்துக்கொண்டது. இப்போது சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு அவள் கூடை வருகிறது. தை பிறந்தபோது ப்ளாட்காரர் வந்தார். பேச்சி அவருக்குக் காபி கொடுத்தாள், பேனா வாங்கவில்லை. அவர் மிச்சக் கல்லை ஏற்றிக்கொண்டு போனார். மச்சான் கோயமுத்தூரை மறந்துவிட்டு, "எங்க நெலம்" என்று பேச ஆரம்பித்தார். வேளாண்மை அலுவலகத்துப் பெண் வந்து ஒரு உருண்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தாம்மா நாங்க கிளாஸ்ல படிச்சோம்," என்றார்.

பலகை

இவ்வளவையும் இந்த வாரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பேச்சி ஊரில் ஒரு உழவர் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். போன மாதம் பேச்சி நிலத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை வைத்தார்கள். சுற்று வட்டாரத்து விவசாயிகள் வந்து பார்த்துப் போக வேண்டுமாம். நல்ல காரியம். நானும் வேட்டியை மாற்றிக்கொண்டு போனேன்.

பலகையில் எழுதியிருந்தது இது. "ஆற்று வண்டலைக் கலந்து சரள் நிலத்தைத் திருத்திய முன்னோடி விவசாயி பேச்சியம்மாள்." சரி, நியாயம். அதன் கீழே, "ஒத்துழைப்பு: கணபதி." ஒத்துழைப்பா! பக்கத்தில் கைகூப்பி நிற்கிற மச்சானின் போட்டோ, மீசையோடு, பலகையில் கால்வாசி. அதற்கும் கீழே, "ஆற்று வாய் மண்ணை முதலில் கொண்டுவந்தவர்: டிரைவர் மாடசாமி." ஓரத்தில் என் டிராக்டர் படம் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்த என்னை ஸ்டியரிங்கோடு வெட்டிவிட்டார்கள். முட்டி மட்டும் தெரிகிறது.

"ஏட்டி பேச்சி, எம்பேரு எங்க?"

"நீ என்னண்ணே செஞ்ச? தப்பாத்தான போட்ட?"

"தப்பாப் போட்டது யாரு? நான்தான?"

"அத எப்பிடிண்ணே போர்டுல எழுத?"

எப்படி எழுதுவது என்று நான் சொல்கிறேன். உழவர் குழுத் தலைவர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். அவர் பார்வைக்காகவே இதை அச்சில் வைக்கிறேன்.

அந்தக் கருப்புக் களி இல்லாவிட்டால் வெறும் ஆற்று வாய் மணல் அந்தச் சரளில் என்னத்தைப் பிடித்து வைத்திருக்கும்? ஒரு மழை நின்றதும் மறுபடியும் வறண்டிருக்கும். பேச்சி கலந்தாள், சரி. கலப்பதற்கு உள்ளே களியைக் கொண்டுவந்து போட்டவன் யார்? இன்றைக்குப் பலகையைப் பார்க்க வருகிறவன் எவனும் வீட்டுக்குப் போய் முதலில் செய்யப்போவது நான் செய்த அதே வேலையைத்தான். கரையடிக்குப் போவான், கருப்பைப் பார்ப்பான், நாக்கில் வைப்பான், ஒரு சாணுக்குத் தடவுவான். கெட்டுப்போன நிலத்தைப் பற்றிப் பலகையில் ஒரு வரி இல்லாவிட்டால் அவனுக்கு யார் சொல்வது? என் தங்கச்சி அந்த வருஷம் ஒரு வெள்ளாமையை இழந்தாள். அந்த இழப்பை ஒளித்துவைத்துவிட்டு வெற்றியை மட்டும் எழுதினால், அடுத்த பேச்சியும் அதையே இழப்பாள்.

ஆகவே என் கோரிக்கை. பேச்சியம்மாள் பெயர் மேலேயே இருக்கட்டும், அதே பெரிய எழுத்தில். மாடசாமி பெயர் இருக்கட்டும். அவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு வரி வர வேண்டும்: "கரையடிக் களியை மட்டும் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, முதல் வருஷ உளுந்தைக் கெடுத்தவரும், இரண்டு வருஷமும் மண் சுமந்து கொடுத்தவரும், பேச்சியம்மாளின் அண்ணன்." கெடுத்தவர் என்ற சொல்லை எடுக்கக் கூடாது. அது நான் செய்தது, வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது. போட்டோ வேண்டாம், முட்டி போதும். இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மச்சானின் மீசையைக் கொஞ்சம் சுருக்கினால் என் வரி தாராளமாக உட்காரும்.